முழங்காலுக்கு அடியில் தலையணை

எலும்பு வார்டில் அவளுக்கு வைத்த பெயர் இடுக்கி. பட்டறையில் பழுக்கக் காய்ச்சிய இரும்பை இடுக்கி பிடிக்குமே, அந்தப் பிடி அவளுக்கு. ஒரு காலை அவள் பிடித்துவிட்டால் அது அவளுடைய கால். கால்காரன் கத்தலாம், சபிக்கலாம், பெற்றவளைக் கூப்பிடலாம். அவள் விடுகிறபோதுதான் கால் அவனுக்குத் திரும்பக் கிடைக்கும்.

வேலை என்னவோ வார்டு ஆயா வேலைதான். மாவுக்கட்டைப் பிரித்து எடுத்தால் உள்ளேயிருந்து வரும் கால் குச்சி மாதிரி இருக்கும், முட்டி மரக்கட்டையாகியிருக்கும். டாக்டர் பார்ப்பார், "மடக்க வைங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார். சொல்வது ஒரு வார்த்தை. செய்வதற்கு ஒரு ஆள் வேண்டும் அல்லவா, அந்த ஆள் இவள். அழுதாலும் பிள்ளையை அவள்தான் பெற வேண்டும் என்பார்கள். அழ வைத்துப் பெற வைக்கிற வேலை இது. அழுகையைக் கேட்டுக் கை தளர்ந்தவர்கள் அந்த வார்டில் யாரும் நிலைக்கவில்லை. இவள் தலை நரைக்கும்வரை நிலைத்தாள்.

அறுவை முடிந்து வந்தவர்கள் எல்லோரும் ஒரே திருட்டைத்தான் செய்வார்கள். தலையணையை உருவி முட்டிக்கு அடியில் கொடுத்துக்கொள்வார்கள். கால் லேசாக மடங்கி நிற்கும், வலி அடங்கும், சொர்க்கம் போல இருக்கும். அந்தச் சொர்க்கத்திலேயே சதை ஒட்டிக்கொண்டு முட்டி நீளாமல் போய்விடும். இடுக்கி கட்டில் கட்டிலாக நடந்து வந்து தலையணைகளை உருவி எறிவாள்.

"தலையணை தலைக்கு. காலுக்கு வெச்சா அப்புறம் கக்கத்துக்குக் கட்டை வெச்சுக்கிட்டுத்தான் போகணும்" என்பாள். பக்கத்துக் கட்டில்காரர்கள் சிரிப்பார்கள். அடுத்தது தங்கள் முறை என்பது அந்த நேரத்தில் யாருக்கும் நினைவிருக்காது.

இப்படி ஊரார் காலையெல்லாம் நிமிர்த்தியவளுக்குத் தன் வலது கால் வில்லாக வளைந்தது. சிமெண்டுத் தரையில் நின்று நின்று முட்டி தேய்ந்து எலும்போடு எலும்பு உரசியது. ஓய்வு பெற்ற கையோடு அதே ஆஸ்பத்திரியில் அதே எலும்பு டாக்டர் முட்டியைத் திறந்து, தேய்ந்ததைச் சீவி எறிந்துவிட்டு உலோகமும் பிளாஸ்டிக்குமாகப் புதுசு பொருத்தினார். வீட்டுக்கு அனுப்புகிற அன்று பிசியோ பெண் வந்து பாடம் சொன்னாள். இடுக்கிக்கும் அவள் தங்கைக்கும் சேர்த்துத்தான்.

"குதிகாலுக்கு அடியில துண்டைச் சுருட்டி வெச்சு முட்டியை நீட்டி அழுத்தணும். அப்புறம் கட்டில் ஓரத்துல உட்கார வெச்சு, தொங்கற காலை மெதுவாப் பின்னால தள்ளி மடக்கணும். வெடுக்குன்னு இழுக்கக் கூடாது. கொண்டுபோய் நிறுத்திப் பிடிக்கணும். அவங்களும் தானே முட்டியை மடக்கிப் பழகணும். வலிக்கும்தான், முதல் கத்தலுக்கே விட்டுடாதீங்க. நான் வாரத்துக்கு ஒரு தடவை வீட்டுக்கு வந்து பார்ப்பேன். மத்த நாள் நீங்கதான். தலையணை மட்டும் முட்டிக்கு அடியில..."

"இந்தப் பாடத்தை எனக்குச் சொல்றியா கண்ணு?" என்றாள் இடுக்கி. கட்டில் அதிரச் சிரித்தாள். பிசியோ பெண்ணும் சிரித்துவிட்டாள்.

தங்கை சிரிக்கவில்லை. அவள் எப்போதும் அப்படித்தான். புருஷன் வீட்டிலிருந்து ஒரு பெட்டியோடு திரும்பி வந்தவள். வந்த அன்று அக்கா வாசலிலேயே நிறுத்தி, "சாப்பாடு உண்டு, கேள்வி கிடையாது" என்று சொல்லித்தான் உள்ளே விட்டாள். அன்று முதல் சமைப்பது, துவைப்பது, அக்காவின் வார்டுச் சேலையைக் கஞ்சி போட்டுத் தேய்ப்பது எல்லாம் சின்னவள். அவளை அக்கா கூப்பிடுவது "ஏய்" என்றுதான். அவளுக்குப் பெயர் இருந்ததே தெருவில் பாதிப்பேருக்குத் தெரியாது. அதைக் கொடுமை என்று இடுக்கி ஒருநாளும் நினைத்ததில்லை. போக்கிடம் இல்லாதவளுக்குக் கூரை கொடுத்திருக்கிறேன், இதைவிட என்ன வேண்டும் என்றுதான் நினைத்தாள்.

வீட்டுக்கு வந்ததும் இடுக்கி தங்கையைக் கட்டில் பக்கத்தில் நிற்க வைத்தாள்.

"இதோ பாருடி. நான் கத்துவேன். வேணாம்னு சொல்வேன். கையெடுத்துக் கும்பிடுவேன். எதையும் காதுல வாங்காதே. அப்பப் பேசறது நானில்லை, வலி. புரியுதா? இது மடங்கி நீண்டாத்தான் எனக்கு நடை. இல்லேன்னா இந்தக் கட்டில்தான்."

"சரி அக்கா."

"சரின்னா சரியா இருக்கணும்."

"சரி அக்கா."

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும். சின்னவள் காலைப் பிடித்துப் பின்னால் தள்ளிய உடனே, தையல் போட்ட இடத்தில் யாரோ தீக்குச்சி கிழித்த மாதிரி இருந்தது இடுக்கிக்கு. வாய் தானாகத் திறந்தது. "ஐயோ விடுடி" என்றாள்.

சின்னவள் விட்டுவிட்டாள்.

"வலிக்குதா அக்கா? விட்டுட்டேன், விட்டுட்டேன். போதும் இன்னிக்கு."

அதோடு நின்றாளா? ஒரு தலையணையைக் கொண்டுவந்து, தூளிப்பிள்ளையைத் தூக்குகிற மாதிரி காலைத் தூக்கி, முட்டிக்கு அடியில் வைத்தாள். வலி அப்படியே வடிந்தது. எடு என்று சொல்ல இடுக்கி வாயைத் திறந்தாள். சொல் வரவில்லை. கொஞ்ச நேரம் இருக்கட்டும், அப்புறம் எடுக்கச் சொல்லலாம் என்று கண்ணை மூடினாள். விழித்தபோது பொழுது சாய்ந்திருந்தது, தலையணை அங்கேயேதான் இருந்தது.

மறுநாளும் அதுவே. அதற்கு மறுநாளும் அதுவே. தொடும்வரை இடுக்கி வீராங்கனை. தொட்டதும் குழந்தை. அவள் 'வி' என்று தொடங்கும்போதே சின்னவள் கையை எடுத்துவிடுவாள். ஒருநாள் இடுக்கி தன் முந்தானையைச் சுருட்டி வாயில் திணித்துக்கொண்டு, இப்போது தள்ளு என்று ஜாடை காட்டினாள். பேச முடியாதவள் எப்படி நிறுத்தச் சொல்வாள் என்பது அவள் கணக்கு. சின்னவள் அரைகுறையாகத் தள்ளிவிட்டு நிறுத்தினாள்.

முந்தானையைத் துப்பிவிட்டு, "ஏன்டி நிறுத்தினே?" என்றாள் இடுக்கி.

"கண்ணுல தண்ணி வந்துச்சே அக்கா."

"கண்ணைக் கட்டிக்கட்டுமா?"

"பாவம் அக்கா நீ" என்று தலையணையை எடுக்கப் போனாள் சின்னவள்.

எதிர்வீட்டுக்காரி தினமும் வந்து பார்த்துவிட்டுப் போவாள். வாசலில் நின்று தெருவுக்கே கேட்கச் சொல்வாள். "கூடப்பிறந்தவன்னா இப்படி இருக்கணும். அந்தம்மா ஒரு முனகல் முனகினா இவளுக்குக் கண்ணுல ரத்தம் வருது. எனக்கும் இருக்காளே ஒருத்தி, நான் செத்தாக்கூட போன்ல அழுவா." தெருவெல்லாம் சின்னவளுக்கு நல்ல பெயர். கடைக்குப் போனால் அவளை நிறுத்தி அக்கா எப்படி இருக்கிறாள் என்று கேட்டார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டு, "வலி தாங்கல" என்பாள்.

வாரத்துக்கு ஒருமுறை வருகிற பிசியோ பெண் தன் அளவுகோலை முட்டியில் வைத்துப் பார்த்தாள். முதல் தடவை ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாம் தடவை முகம் சுருங்கியது. எழுந்து நிற்கச் சொன்னாள். இடுக்கி கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முட்டி நீளாததால் குதிகால் தரையைத் தொடவில்லை. மீனுக்கு நிற்கிற கொக்கு மாதிரி நுனிக்காலில் நின்றாள்.

"தினமும் செய்யறீங்களா?"

"செய்யறோம் கண்ணு. அக்காவுக்குத் தாங்கல" என்றாள் சின்னவள்.

"பொய். இவ செய்யறதில்லை. தொட்டவுடனே விட்டுடறா. தலையணை வேற வைக்கிறா."

பிசியோ பெண் சின்னவளைப் பார்த்தாள். சின்னவளின் கண் நிறைந்திருந்தது. "பாவம், உங்க வலியைப் பார்க்க அவங்களால முடியல போல. தலையணை வேணாம்மா, சரியா?" என்று மிருதுவாகச் சொன்னாள். பிறகு இடுக்கியிடம், "டாக்டர்கிட்ட போறதுக்குள்ள சரியாகலேன்னா மயக்கம் கொடுத்து மடக்கணும்னு சொல்வாரு. அதுலயும் வரலேன்னா இப்படியேதான் நிக்கும்" என்றாள்.

மயக்கம் கொடுத்து மடக்குவது என்னவென்று இடுக்கிக்குத் தெரியும். அந்த மேஜைமேல் எத்தனையோ தொடைகளை அழுத்திப் பிடித்தவள் அவள். உள்ளே ஒட்டின சதை பிரியும்போது பழைய வேட்டியைக் கிழிக்கிற சத்தம் வரும். சிலருக்குச் சதைக்குப் பதிலாக எலும்பு போகும். அப்போது டாக்டர் கையுறையைக் கழற்றுவார். அந்த மேஜைமேல் கிடக்கப்போவது இனி அவள் கால்.

அன்று மத்தியானம் அவள் கண்ணை மூடிப் படுத்திருந்தாள், தூங்கவில்லை. சின்னவள் அடிமேல் அடி வைத்து வந்தாள். கையில் இரண்டு தலையணை. காலைத் தூக்கி ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, போர்வையை இழுத்துவிட்டு, ஓரம் சரிசெய்தாள். இடுக்கி இமை இடுக்கு வழியாகத் தங்கையின் முகத்தைப் பார்த்தாள். அதில் பயம் இல்லை, அனுதாபமும் இல்லை. ஆற அமர உட்கார்ந்து சாப்பிட்டு முடித்தவளின் திருப்தி இருந்தது. தொண்டைக்குள் ஏதோ ராகம்கூட ஓடியது.

இது தெரியாமல் செய்கிற காரியம் இல்லை என்று இடுக்கிக்கு அப்போது தெரிந்தது. வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுகிறாள்.

"வேணும்னே செய்யறியாடி?" என்று கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

சின்னவள் திடுக்கிடக்கூட இல்லை. "நான் என்னக்கா செஞ்சேன்? நீ வலிக்குதுன்னே, விட்டேன். ஊர்ல யாரை வேணும்னாலும் கேளு."

இடுக்கி கேட்டுத்தான் பார்த்தாள். எதிர்வீட்டுக்காரி வந்ததும் கையைப் பிடித்து, "இவ என் காலைக் கெடுக்கறா. தலையணை வெச்சே கெடுக்கறா" என்றாள். எதிர்வீட்டுக்காரி பின்வாங்கி, "நாக்குல நரம்பில்லாம பேசாதீங்க அக்கா. வலியில புத்தி பிசகுது. அவ மாதிரி ஒருத்தி கிடைக்க நீங்க கொடுத்து வெச்சிருக்கணும்" என்றாள். அடித்தவளைப் பற்றிச் சொன்னால் ஊர் நம்பும். தலையணை வைத்தவளைப் பற்றிச் சொன்னால் சொன்னவளுக்குத்தான் பைத்தியக்காரிப் பட்டம்.

இடுக்கி படுத்தபடியே யோசித்தாள். தானே மடக்கிப் பார்த்தாயிற்று. தன் பல்லைத் தானே பிடுங்கியவர் உண்டா, பாதி வழியில் கை நின்றுவிடுகிறது. வேறு ஆள் வேண்டும். பிரியமான ஆள் ஆகாது. இரக்கப்படுகிற ஆளும் ஆகாது. கத்தினால் நிறுத்தாத ஆளாக இருக்க வேண்டும். அப்படி யார் என்று தேட அவள் வெகுதூரம் போகவில்லை. தெரு முனையிலேயே ஒருவன் இருந்தான்.

அவன் பஞ்சர்க்கடைக்காரன். லாரி ஏறித் தொடை எலும்பு நொறுங்கி, எலும்பு வார்டில் மாசக்கணக்கில் கிடந்தவன். அவன் முட்டியை மடக்கியது இடுக்கிதான். அதற்குப் பிறகு அவளைக் கண்டால் எதிர்ப்பக்கம் போய்விடுவான். "இடுக்கி செத்த அன்னிக்கு இந்தத் தெருவுக்கே டீ என் செலவு" என்று கடையில் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தான்.

எதிர்வீட்டுக்காரியிடம், "அவனை வரச் சொல்லு" என்றாள். கட்டிலில் விழுந்ததும் மனம் திருந்திவிட்டது என்று நினைத்துக்கொண்டு எதிர்வீட்டுக்காரி ஓடினாள்.

அவன் கிரீஸ் கையோடு வந்து வாசல்படியிலேயே நின்றான்.

"என்ன இடுக்கி, கூப்பிட்டியாமே. மன்னிப்பு கேக்கறதா இருந்தா சீக்கிரம் கேளு. டியூப் தண்ணியில கிடக்கு."

"உன் கால் எப்படி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு."

"குந்துவியா?"

"குந்தித்தானே பொழப்பே."

"அப்புறம் எதுக்கு மன்னிப்பு?" என்றாள் இடுக்கி. "என் கால் மடங்கல, நீளவும் இல்லை. தினமும் வந்து மடக்கணும். நான் கத்தினா நிறுத்தக் கூடாது."

அவன் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்ததில் முகமெல்லாம் கிரீஸ்.

"ஊர்ல வேற ஆளே கிடைக்கலையா?"

"உன் அளவுக்கு என்னை வெறுக்கறவன் கிடைக்கல."

"அது நெசம்தான்."

"கூலி கேட்டதைத் தர்றேன்."

"கூலி வாங்கினா நான் உனக்கு வேலைக்காரன் ஆயிடுவேன். சும்மாவே செய்யறேன். இதுக்கு நான்தான் உனக்குத் தரணும்."

அடுப்படியிலிருந்து சின்னவள் ஓடி வந்தாள். "அக்கா, இந்த ஆளு உன் காலை உடைச்சிடுவாரு. வேணாம் அக்கா."

"உடைஞ்சா கட்டுப் போட்டுக்கலாம். நீ உள்ளே போ."

பிசியோ பெண் வந்த அன்றே அவனும் வந்தான். எங்கே பிடிப்பது, எதுவரை கொண்டுபோவது, எங்கே நிறுத்திப் பிடிப்பது என்று அவள் காட்டினாள். "உடைக்கக் கூடாது. இந்த இடத்துக்கு மேல ஒரு நாளைக்குப் போகக் கூடாது" என்று கண்டித்துச் சொன்னாள். அவன் கை கட்டிக் கேட்டான். "டயரை ரிம்முல ஏத்தற மாதிரிம்மா. அடிச்சா கிழியும். அழுத்திப் பிடிச்சா ஏறும்" என்றான். பிசியோ பெண்ணுக்கு ரொம்பத் திருப்தி.

மறுநாள் அவன் தனியாக வந்தான். சோப்புப் போட்டுக் கையைக் கழுவினான். தெருக்கதவைச் சாத்தப் போன சின்னவளை, "திறந்தே இருக்கட்டும். கேக்கட்டும்" என்று நிறுத்தினான். முட்டிக்கு அடியில் இருந்த இரண்டு தலையணைகளையும் உருவி வாசல் பக்கம் போட்டான். பிறகு காலைப் பிடித்தான்.

இடுக்கி கத்திய கத்தலில் தெருநாய் குரைத்தது. அவன் நிறுத்தவில்லை.

"விடுப்பா. விட்டுடு. உன் காலைப் பிடிக்கிறேன்."

"அப்புறம் பிடிக்கலாம், இப்ப நான் பிடிச்சிருக்கேன்" என்றான். கை இம்மி அசையவில்லை. பிறகு பாடம் ஒப்பிக்கிற குரலில் பேச ஆரம்பித்தான். "'ஆம்பளைதானே நீ. பிரசவ வார்டு மாடியில இருக்கு, அங்க போய்க் கத்து.' சொன்னியா இல்லையா?"

"ஞாபகம் இல்லைப்பா."

"இன்னொண்ணு. 'மூக்குச்சளியைத் துடை, உன் மூக்கு என் வேலையில்லை.' சொன்னியா?"

"விடுப்பா."

"எங்கம்மா சாப்பாடு கொண்டுவந்து வார்டு வாசல்ல நின்னாங்க. நான் கத்தறதைக் கேட்டுட்டு அழுதாங்க. நீ அவங்களைப் பார்த்து, 'அழறதை வீட்ல வெச்சுக்க, நொண்டிக்கு எவ வருவான்னு இப்பவே தேட ஆரம்பி' ன்னே. அதுக்கப்புறம் அவங்க வார்டுக்குள்ளயே வரல. வெளியில மரத்தடியில நின்னுட்டுப் போவாங்க. நான் கத்தினது அத்தனையும் அவங்களுக்கு அங்க கேட்டுச்சு. அது ஞாபகம் இருக்கா?"

இடுக்கிக்கு அந்த அம்மா ஞாபகம் இல்லை. அவனே ஞாபகம் இல்லை. தெருவில் அவன் எதிர்ப்பக்கம் போகிறபோதுதான், இவன் நம்மிடம் இருந்தவன் போல என்று தெரிந்துகொண்டவள். எத்தனையோ பேரிடம் எத்தனையோ பேச்சு. அந்தப் பேச்செல்லாம் அவளுக்கு வாயில் வந்து போன காற்று. அவனுக்கு அது உள்ளே தைத்து நின்ற முள். வலியில் கிடந்தபடி அவள் அதைப் புரிந்துகொண்டாள். புரிந்துகொண்டதால் வலி குறைந்ததா என்றால் இல்லை.

"என் பேராவது தெரியுமா உனக்கு?"

"ஜன்னலோரக் கட்டில்" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. அதுவும் குத்துமதிப்பாகச் சொன்னதுதான்.

"கதவோரம்" என்றான் அவன். சொல்லிவிட்டு இன்னும் கொஞ்ச நேரம் பிடித்திருந்தான்.

போகும்போது இரண்டு தலையணைகளையும் எடுத்துக்கொண்டு போனான். கடையில் முக்காலிமேல் போட்டு, அதன்மேல் உட்கார்ந்துதான் அன்று முழுக்கப் பஞ்சர் ஒட்டினான். கண்டவர்கள் கேட்டால், "இடுக்கி வீட்டு மெத்தை" என்றான்.

நாள் தவறாமல் வந்தான். ஒருநாள் வலி தாளாமல் இடுக்கி வாந்தி எடுத்தாள். அவன் ஒதுங்கி நின்று, அவள் துடைத்து முடிக்கும்வரை காத்திருந்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தான். முதலில் இருந்த குஷி போகப் போக அவன் முகத்தில் வற்றிவிட்டது. ஒப்பிக்க வைத்திருந்த பேச்செல்லாம் தீர்ந்தபின் பேசாமலே மடக்கினான். பழிவாங்கவும் ஒருநாள் இருநாள்தான் ருசி, அப்புறம் அதுவும் வேலைதான். அவனை மனசார வெறுத்துக்கொண்டே இடுக்கி ஒவ்வொரு காலையும் அவன் செருப்புச் சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தாள்.

தலையணை போனதும் சின்னவள் தன் பழைய சேலைகளை மடித்து மூட்டையாக்கி முட்டிக்குக் கொடுத்தாள். அவன் வந்து அதையும் உருவினான். சேலையைப் பார்த்தான், அடுப்படிப் பக்கம் பார்த்தான்.

"உங்களுக்கு இவங்க மேல என்ன கோவமோ எனக்குத் தெரியாதுங்க. நான் கதவைத் திறந்து வெச்சு வெறுக்கறேன். நீங்களும் அப்படி வெறுத்துடுங்க, உடம்புக்கு நல்லது" என்றான்.

சின்னவள் சேலைகளை வாங்கி மடித்துப் பெட்டியில் வைத்தாள்.

டாக்டரிடம் போகிற நாள் நெருங்கியபோது ஒரு காலையில் இடுக்கி எழுந்து நின்றாள், குதிகால் தரையில் பதிந்தது. சில்லென்று சிமெண்டு பட்டதும் அவளுக்கு மேலெல்லாம் புல்லரித்தது. பஞ்சர்க்காரன் குனிந்து குதிகாலுக்கு அடியில் விரலை நுழைத்துப் பார்த்தான். விரல் போகவில்லை.

"இதோட சரி. இனிமே தெருவுல பார்த்தா கூப்பிடாதே" என்றான்.

"நல்லா இருன்னு சொல்ல மாட்டேன்."

"சொன்னா வாங்க மாட்டேன்."

வாசலில் நின்ற எதிர்வீட்டுக்காரிக்குப் பொறுக்கவில்லை. "அப்ப அந்த டீ?" என்றாள்.

"அது உண்டு, அது தனி" என்று சொல்லிவிட்டுப் போனான்.

டாக்டர் முட்டியை மடக்கிப் பார்த்தார், நீட்டிப் பார்த்தார். கொஞ்சம் குறைதான், ஆனால் நடைக்குப் போதும், மயக்கம் கொடுக்க வேண்டியதில்லை என்றார். பிறகு பையைப் பிடித்துக்கொண்டு நின்ற சின்னவளைப் பார்த்து, "வீட்ல நல்லா பார்த்துக்கிட்டிருக்கீங்க. எல்லாருக்கும் இப்படி ஒரு ஆள் அமையாது" என்றார்.

"என்னால முடிஞ்சது டாக்டர்" என்றாள் சின்னவள்.

இடுக்கி வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்தி, கட்டிலில் உட்கார்ந்த பிறகுதான் கேட்டாள்.

"இப்ப யாரும் இல்லை. சொல்லு. எதுக்குடி?"

அடிக்கப் போகிறாள் என்று பயந்திருந்தால் சின்னவள் அழுதிருப்பாள். அவள் அழவில்லை. பையைக் கீழே வைத்துவிட்டு, சுவரில் சாய்ந்துகொண்டு, முதல்முறையாக அக்காவை நேராகப் பார்த்தாள்.

"நீ படுத்திருந்த வரைக்கும் நான் இந்த வீட்ல ஒரு ஆளு அக்கா. 'தண்ணி குடும்மா' ன்னு கேட்டே. 'அம்மா'ன்னு சொன்னே என்னை. வலி அடங்கினதும் என் கையைப் பிடிச்சுக்கிட்டு, 'நீ இல்லாட்டி என்னடி பண்ணுவேன்' னே. உனக்கு ஞாபகம் இருக்காது, அதெல்லாம் வலி பேசினதுன்னு சொல்லுவே. எனக்கு யார் பேசினா என்ன, கேட்டுச்சு. தெருவுல நாலு பேரு என்னை நிறுத்திப் பேசினாங்க. நீ எழுந்து நடந்துட்டா மறுபடியும் 'ஏய்' தானே. அதான்."

"அதுக்காக என் காலை முடக்குவியா?"

"கால்தானே அக்கா. நான் முழுசா முடங்கித்தானே இங்க இருக்கேன்."

இதைக் கேட்டதும் இடுக்கிக்கு மனசு இளகியது, நல்ல வார்த்தை ஒன்று நாக்கு நுனிவரை வந்தது என்று சொன்னால் பொய். வரவில்லை. கல்லில் நார் உரிக்கலாம், இடுக்கியிடம் அது நடக்காது. அவள் தங்கையை ஏற இறங்கப் பார்த்தாள், வார்டில் புதுக்கட்டில்காரரைப் பார்க்கிற மாதிரி. எங்கே பிடித்தால் வலிக்கும் என்று அவளுக்கு இப்போது தெரிந்துவிட்டது.

கையை ஊன்றி எழுந்தாள். "தண்ணியா அக்கா, நான் தர்றேன்" என்று சின்னவள் முன்னால் வந்தாள். இடுக்கி அவளைச் சுற்றிக்கொண்டு நடந்தாள். லேசான தாங்கலோடு, குதிகால் பதியப் பதிய அடுப்படிக்குப் போனாள். தானே தண்ணீர் மொண்டு நின்றபடியே குடித்தாள். தம்ளரைத் தானே கழுவினாள்.

வீட்டைவிட்டுப் போ என்று அவள் சொல்லவே இல்லை. சொல்லியிருந்தால் சின்னவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, அழுதுகொண்டு, தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு போயிருப்பாள். அந்த ஆறுதலைக்கூட அக்கா கொடுக்கவில்லை. மறுநாள் விடிந்ததும் தன் சோற்றைத் தானே வடித்தாள், தன் துணியைத் தானே துவைத்தாள். சின்னவள் வாளியில் கை வைத்தால் துணியை அவள் கையிலிருந்து உருவிக்கொண்டு, "எனக்குக் கால் இருக்கு" என்றாள். அதன்பிறகு அதையும் சொல்வதில்லை. வெறுமனே உருவிக்கொள்வாள். சமைத்ததில் பாதியைத் தட்டில் போட்டு மூடி வைப்பாள், சாப்பிடு என்று சொல்ல மாட்டாள். எதுவும் கேட்க மாட்டாள், எதற்கும் கூப்பிட மாட்டாள். "ஏய்" என்றுகூட.

எதிர்வீட்டுக்காரி வந்து பார்த்துவிட்டு, "பார்த்தீங்களா, தங்கச்சி பட்ட பாட்டுக்கு இப்ப அக்கா அவளை ஒரு வேலை செய்ய விடறதில்லை. உட்கார வெச்சு சோறு போடறாங்க" என்று தெருவெல்லாம் சொன்னாள். தெருவும் ஆமாம் ஆமாம் என்றது.

சின்னவள் சுவரோரம் உட்கார்ந்திருப்பாள். அடுப்படியில் பாத்திரம் உருண்டால் எழுந்திருப்பாள். யாரும் கூப்பிடவில்லை என்று தெரிந்ததும் மறுபடி உட்காருவாள். அக்கா அவளைத் தாண்டிப் போவாள், வருவாள். கனமான நடை, ஒரு காலில் கொஞ்சம் தாங்கல். நாற்காலியைச் சுற்றிப் போகிற மாதிரி அவளைச் சுற்றிப் போவாள்.